தூண்களில் தங்கிய கைகள்

"ஏட்டில் உள்ளதைத் திருத்தி எழுதலாம், கட்டடத்தில் உள்ளதைத் திருத்த இயலாது." சென்ற ஆண்டு நம் வரலாற்றுத் துறைக் கருத்தரங்கில் நான் இவ்வாறு முழங்கியதும், நண்பர்கள் கைதட்டியதும் சிலருக்கு நினைவிருக்கலாம். அக்கூற்று தவறு என்பதை இக்கோடை விடுமுறையில் இத்தாலி நாட்டின் ராவென்னா நகரில் கற்றுக்கொண்டேன். பொலோஞாவில் பணியாற்றும் என் தமையனாரிடம் சென்றிருந்தபோது, ஒரு நாள் காலை இரயிலேறி அந்நகரை அடைந்தேன்.

ராவென்னா கி.பி. 402இல் மேலை ரோமப் பேரரசின் தலைநகராயிற்று. பின்னர் 493 முதல் 526 வரை கோத்திய மன்னன் தியோடோரிக் அங்கிருந்து ஆண்டான். 540இல் கிழக்குப் பேரரசன் ஜஸ்டினியனின் படை நகரைக் கைப்பற்றியது. இம்மூன்று காலத்துச் சின்னங்களும் இன்றும் நிற்கின்றன. அவற்றுள் எட்டினை யுனெஸ்கோ 1996இல் உலக மரபுச் சின்னங்களாக ஏற்றது.

முதலில் சான் விட்டாலே ஆலயம் சென்றேன். 547இல் அர்ப்பணிக்கப்பட்ட எண்கோணக் கட்டடம் அது. வெளியே வெறும் செங்கற்சுவர், உள்ளே பொன்மயம்! கண்ணாடிச் சில்லுகளுக்கிடையே பொன்தகடு வைத்துச் சுவரில் பதித்துள்ளனர். நாம் நடக்க நடக்க ஒளியும் நம்முடன் நடக்கிறது. ஒருபுறம் ஜஸ்டினியன், எதிர்ப்புறம் அரசி தியோடோரா, பரிவாரங்களுடன் நிற்கின்றனர். இருவரும் ராவென்னாவுக்கு வந்ததற்குச் சான்றில்லை என்பது வியப்பு. வராத அரசனைச் சுவர் வரவழைத்து நிறுத்திவிட்டது!

அடுத்துச் சென்றது சான்ட் அப்போலினாரே நுவோவோ. தியோடோரிக் தன் அரண்மனைக்கென எழுப்பிய ஆலயம் அது. அவன் ஏரியப் பிரிவைச் சேர்ந்தவன். இயேசு தந்தையாகிய இறைவனுக்கு இணையானவர் அல்லர் என்பது அப்பிரிவின் கொள்கை. ஆட்சி மாறிய பின் ஆலயம் கத்தோலிக்கரிடம் வந்தது.

அதன் தென்சுவரில் அரண்மனை ஒன்றின் சித்திரம் உள்ளது. தூண்களுக்கிடையே வெண்திரைகள் தொங்குகின்றன. அழகிய வேலைப்பாடு என்றெண்ணி நகரவிருந்தேன். அப்போது பள்ளி ஆசிரியை ஒருவர் தம் மாணவர்களுக்குத் தூணைச் சுட்டிக் காட்டினார். குழந்தைகள் விரல்விட்டு எண்ணத் தொடங்கினர். நானும் உற்று நோக்கினேன். தூண்களின்மேல் மனிதக் கைகள்! உடல் இல்லை, கை மட்டும் உண்டு.

தூண்களுக்கிடையே முன்பு மனித உருவங்கள் இருந்தன. அவை தியோடோரிக்கின் அவையோர் என்று அறிஞர் கருதுகின்றனர். புதிய ஆட்சியில் அவ்வுருவங்களைப் பெயர்த்துவிட்டுத் திரைகளைப் பதித்தனர். தூண்களின்மேல் நீண்டிருந்த கைகள் மட்டும் எஞ்சிவிட்டன.

ஆகவே, கட்டடத்தையும் திருத்தலாம். ஆனால் திருத்தியதன் தடம் எங்கேனும் தங்கிவிடும். அத்தடத்தைக் காணும் கண்ணே வரலாற்று மாணவனுக்கு வேண்டும். அந்த ஆசிரியை இல்லையேல் நான் திரையை வியந்துவிட்டுத் திரும்பியிருப்பேன்.

நண்பர்களே, என் பழைய கூற்றைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அடுத்த களப்பயணத்தில் அழகை வியந்த பின், தூண்களையும் ஒருமுறை உற்றுப் பார்ப்போம்.