தட்டில் சாகும் கிருமி

ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத கிருமியையும் மூலிகைச் சாறு கொன்றுவிடும், ஆய்வகத்திலேயே நிரூபித்துவிட்டார்கள் என்று பலர் நம்புகிறார்கள். ஆய்வகத்தில் என்ன செய்கிறார்கள்? அகர் ஊற்றிய தட்டில் கிருமியைத் தடவி, சாற்றில் நனைத்த காகித வில்லையை அதன்மேல் வைக்கிறார்கள். மறுநாள் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் தெளிவாக விழுந்திருந்தால் வெற்றி. பூண்டுக்கும் கிராம்புக்கும் வட்டம் விழும், வினிகருக்கும்தான் விழும். கேட்க வேண்டியது, எவ்வளவு செறிவில் என்று. அடங்கும் கிருமியை நிறுத்த நல்ல ஆன்டிபயாடிக் ஒரு மில்லிலிட்டருக்கு ஒன்றிரண்டு மைக்ரோகிராம் இருந்தாலே போதும். செடிச் சாறுகளுக்குப் பெரும்பாலும் நூற்றுக்கணக்கில் வேண்டும். அவ்வளவை ரத்தத்தில் சேர்ப்பது எப்படி? மஞ்சளின் குர்குமினைக் கிராம் கணக்கில் விழுங்கினாலும் ரத்தத்தில் அகப்படுவது சொற்பம். குடல் அதைச் சரியாக உறிஞ்சுவதில்லை. உறிஞ்சியதையும் உடல் விரைவில் மாற்றி வெளியேற்றிவிடுகிறது.

பென்சிலின் பூஞ்சையிலிருந்தும், மலேரியா மருந்தான ஆர்டிமிசினின் செடியிலிருந்தும்தானே வந்தன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ஆர்டிமிசினினைக் கண்டுபிடித்த து யூயூவுக்கு 2015-இல் நோபல் பரிசு கஷாயம் காய்ச்சியதற்காகக் கிடைக்கவில்லை. பழைய சீன மருத்துவ நூலில் கண்ட குறிப்பைப் பிடித்துக்கொண்டு, அதிகச் சூடு படாமல் ஈதரில் சாற்றை எடுத்தார். பிறகு அதிலிருந்து மருந்துப்பொருளைத் தனியாகப் பிரித்து, அளவு வகுத்து, நோயாளிகளிடம் சோதித்தார்கள். இயற்கை மருந்துக்கு எதிர்ப்பு வளராது என்பதும் பொய்த்துவிட்டது: கம்போடியாவில் மலேரியா ஒட்டுண்ணி ஆர்டிமிசினினுக்கும் தாக்குப்பிடிக்கத் தொடங்கியது.

எனக்குச் சுவையாகப் படுவது நம் நாட்டுமருந்துக் கடைகளில் கிடைக்கும் மரமஞ்சளின் கதை. அதிலுள்ள பெர்பெரின் கிருமிக்கு விஷம்தான். ஆனால் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமியின் செல்சவ்வில் நார்-ஏ என்றொரு பம்பு உண்டு. உள்ளே நுழைந்த பெர்பெரினை அது வெளியே இறைத்துவிடும். நார்ஃப்ளாக்ஸசின் போன்ற ஆன்டிபயாடிக்குகளையும் இறைப்பது இதே பம்பு. பெர்பெரினைச் சுரக்கும் பெர்பெரிஸ் இனச் செடிகள் சிலவற்றில் இன்னொரு பொருளும் இருப்பதை 2000-இல் வெளியான ஆய்வு காட்டியது. தனியாக விட்டால் அது கிருமியை ஒன்றும் செய்யாது. பம்பை மட்டும் அடைக்கும். அடைத்ததும் பெர்பெரின் உள்ளேயே தங்கி வேலையை முடிக்கிறது. ஆன்டிபயாடிக்குக்குப் பதிலாக நிற்பதைவிட அதற்குத் துணையாக நிற்பதில்தான் செடிகளின் எதிர்காலம் என்று நான் நினைப்பது இதனால்தான். அப்படிப் பம்பை அடைக்கும் மருந்து எதுவும் இன்னும் மருத்துவமனைக்கு வந்து சேரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஆன்டிபயாடிக்கைக் கண்டபடி விழுங்கித்தானே கிருமிகள் மருந்துக்கு அடங்காத இந்த நிலைக்கு வந்தோம் என்பார்கள். உண்மை. சாதாரணச் சளிக்கும் வைரஸ் காய்ச்சலுக்கும் அது தேவையே இல்லை. அங்கே துளசிக் கஷாயம் குடித்தால் ஒரு நஷ்டமும் இல்லை. சிறுநீர்த் தொற்று சிறுநீரகம்வரை ஏறி, குளிர்காய்ச்சல் கண்டபிறகும் கஷாயத்தோடு காத்திருப்பது வேறு விஷயம். கிருமி ரத்தத்தில் பரவ நாமே அவகாசம் தருகிறோம். அப்போது செய்ய வேண்டியது மருத்துவரிடம் ஓடுவது, சிறுநீரைக் கல்ச்சருக்குக் கொடுத்து அந்தக் கிருமி இன்னும் எந்த மருந்துக்கு அடங்குகிறது என்று பார்ப்பது.