வண்டியில் செல்போன் சார்ஜ் ஏறவில்லையா? முதலில் ஃபியூஸைப் பாருங்கள்



குருவிகுளம் ஒன்றியத்தில் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தபோது, தவணை தாமதம் பற்றிப் பேச்சு வந்தது. அந்தக் குழுவில் ஒரு அக்கா, கடன் வாங்கிப் பழைய கார் எடுத்து வாடகைக்கு விட்டிருக்கிறார். மகன்தான் டிரைவர். "செல்லுக்குச் சார்ஜ் போடுற ஓட்டை வேலை செய்யல. சவாரிக்குக் கூப்பிட்டா செல் அணைஞ்சு கெடக்கு. ஒயரிங் பூராவும் மாத்தணும், ரெண்டாயிரத்து ஐநூறு ஆகும்னு மெக்கானிக் சொல்லிட்டாரு. அதுக்குத்தான் தவணைப் பணத்தை எடுத்து வச்சேன்" என்றார்.

கூட்டம் முடிந்து எல்லோரும் வண்டியைப் பார்க்கப் போனோம். ஃபியூஸ் போயிருந்தது. கடையில் பத்து ரூபாய்க்குக் கிடைக்கிற பொருள். நல்லவேளை, இரண்டாக வாங்கி வந்தோம். புதுசு போட்டுச் சாவியைத் திருப்பியதும் அதுவும் போய்விட்டது! டார்ச் அடித்துப் பார்த்தால், ஓட்டையின் அடியில் ஒரு ரூபாய்க் காசு. அதை எடுத்த பிறகு இரண்டாவது ஃபியூஸ் நின்றது.

காசு கிடந்தால் ஏன் ஃபியூஸ் போகிறது? இந்த ஓட்டைக்கு சிகரெட் லைட்டர் சாக்கெட் என்று பெயர். முன்பு சிகரெட் பற்றவைக்க வைத்தது, இப்போது செல் சார்ஜருக்குத்தான் பயன்படுகிறது. அடியில் நடுவே இருக்கும் தகடு பாசிட்டிவ், சுற்றியுள்ள உலோகச் சுவர் நெகட்டிவ். காசு இரண்டையும் தொட்டுவிட்டால் மின்சாரம் நேராகப் பாய்ந்துவிடும். ஒயர் எரியாமல் காப்பாற்ற, ஃபியூஸ் தன்னை அறுத்துக்கொள்கிறது. மலிவு சார்ஜரின் முனை கழன்று உள்ளே விழுந்தாலும் இதே கதைதான்.

ஆகவே கடைக்குப் போகுமுன் இதையெல்லாம் பாருங்கள். பல வண்டிகளில் சாவியைத் திருப்பினால்தான் சாக்கெட்டுக்கு மின்சாரம் வரும். சார்ஜரை வேறு வண்டியில் செருகிப் பாருங்கள், கோளாறு சார்ஜரிலேயே இருக்கலாம். அடுத்து ஃபியூஸ் பெட்டி. ஸ்டியரிங்கின் கீழே அல்லது பானட்டுக்குள் இருக்கும். எது எதற்கான ஃபியூஸ் என்று பெரும்பாலும் மூடியிலேயே படம் இருக்கும். சாவியை அணைத்துவிட்டு ஃபியூஸை நேராக இழுத்து வெளிச்சத்தில் பிடித்தால், உள்ளே உள்ள கம்பி அறுந்திருப்பது கண்ணுக்குத் தெரியும். ஃபியூஸ் வெளியே இருக்கும்போதே சாக்கெட்டைச் சுத்தம் செய்துவிடலாம். காசை மரக்குச்சியால் எடுங்கள், திருப்புளி விட்டுக் கிளறாதீர்கள். தகட்டில் பச்சை பூத்திருந்தால் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் போதும்.

இனி சொல்வதைத்தான் மகனிடமும் கணவரிடமும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஃபியூஸின் தலையில் 10, 15, 20 என்று எண் இருக்கும். 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள். எந்த எண்ணை வண்டிக்காரக் கம்பெனி போட்டதோ அதே எண்தான் திரும்பப் போட வேண்டும். அந்தத் தம்பி சிகரெட் அட்டையின் வெள்ளித்தாளைச் சுற்றி வைக்கப் பார்த்தார்! அப்படிச் செய்தால் அடுத்த முறை அறுபடுவது ஃபியூஸ் அல்ல, ஒயர் எரியும். டேஷ்போர்டுக்குள் தீப்பிடித்தால் வண்டியும் போகும், கடன் மட்டும் நிற்கும்.

இன்னொரு குழுவினர், சங்கரன்கோவில் ஆடித்தபசுக்கு ஜூஸ் கடை போட்டு இதே சாக்கெட்டில் இன்வெர்ட்டர் வைத்து மிக்ஸி ஓட்டலாமா என்று கேட்டார்கள். கணக்குப் போடுவோம். 12 வோல்ட்டை 15 ஆம்பியரால் பெருக்கினால் 180 வாட். மிக்ஸிக்கு 500 வாட் வேண்டும். சுவிட்ச் போட்டதுமே ஃபியூஸ் போகும். செல் சார்ஜருக்கு இருபது வாட் இருந்தால் தாராளம். டயருக்குக் காற்றடிக்கும் சின்ன பம்பு ஓரளவு தாங்கும், அதையும் தொடர்ந்து ஓட்டக்கூடாது.

சாக்கெட் காலியாக இருந்தும் புது ஃபியூஸ் போய்க்கொண்டே இருந்தால் உள்ளே ஒயர் எங்கோ உரசுகிறது. ஃபியூஸ் நன்றாக இருந்தும் மின்சாரம் வராவிட்டால், பின்பக்கம் ஒயர் கழன்றிருக்கலாம். இந்த இரண்டுக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம்தான் போக வேண்டும். எந்த இடத்தில் கோளாறு என்று காட்டச் சொல்லுங்கள், கழற்றிய பழைய பொருளைக் கேட்டு வாங்குங்கள், பில்லும் வாங்கி வண்டிக் கணக்கு நோட்டில் ஒட்டி வையுங்கள்.