பேரினம் ஒன்றைத் திருத்தி எழுதப் புறப்பட்டவளுக்கு

அன்புத் தங்கைக்கு,

இலைக்கால் நாவாய்ப்பூச்சிகளில் ஒரு பேரினத்தை எடுத்துக்கொண்டு முழுத் திருத்தாய்வு செய்யப் போவதாக எழுதியிருந்தாய். புதிய இனம் இரண்டேனும் கிடைக்கும் என்ற நம்பிக்கையையும் சொல்லியிருந்தாய். கிடைத்தால் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் திருத்தாய்வின் கனமான வேலை அதுவல்ல. ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கும் பெயர்களில் எது நிற்கும், எது நிற்காது என்று தீர்ப்பதுதான் அந்த வேலை. இதற்குக் கைதட்டல் குறைவு. என் கணிப்பில், பயன் இதில்தான் அதிகம்.

லெப்டோகுளோசஸ் பேரினத்தைப் பார். பெரும்பாலும் அமெரிக்கக் கண்டங்களில் வாழ்வது; ஏறத்தாழ 60 இனங்கள். அதில் லெப்டோகுளோசஸ் கோனாக்ரா மட்டும் வெப்பமண்டலம் எங்கும் பரவி, நம் பக்கத்துப் பூசணிக் குடும்பக் கொடிகளிலும் எலுமிச்சை வகைகளிலும் சாறு உறிஞ்சுகிறது. ஆஸ்திராலிஸ், மெம்பிரனேசியஸ் என்று வேறு பெயர்களிலும் அது நூல்களில் வாழ்ந்திருக்கிறது. ரிச்சர்ட் ஆலன் 1969-இல் இந்தப் பேரினத்தின் திருத்தாய்வை வெளியிட்டார். மேற்கு அமெரிக்க ஊசியிலைக் காடுகளின் விதைப்பூச்சியான லெப்டோகுளோசஸ் ஆக்சிடென்டாலிஸ் 1999-இல் இத்தாலியில் தலைகாட்டி ஐரோப்பா முழுக்கப் பரவியபோது, வந்திருப்பது எது என்று ஒப்பிட்டுப் பார்க்க அந்த நூல் முப்பது ஆண்டுகளாகத் தயாராக இருந்தது. ஹாரி பிரைலோவ்ஸ்கி 2014-இல் படங்களோடு வெளியிட்ட இனங்காணும் திறவுகோலையும் மேசையில் வைத்துக்கொள். நல்ல திருத்தாய்வு எப்படி இருக்கும் என்பதை இந்த இரண்டிலும் பார்க்கலாம்.

உன் கண் முதலில் பின்காலுக்குத்தான் போகும். எல்லாருக்கும் அப்படித்தான். இலைபோல் அகன்ற கணைக்கால், முள் வைத்த பருத்த தொடை. அவ்வளவு எடுப்பாக இருக்கும்போது வேறெதைப் பார்ப்பது? அந்தக் காலைத்தான் மிக மெதுவாக நம்ப வேண்டும். அனோப்ளோக்னெமிஸ் ஃபேசியானாவில் ஆணின் பின்தொடை தடித்து உள்பக்கம் பல்லோடு இருக்கும். பெண்ணுக்கு அது மெலிந்திருக்கும். இந்தக் குடும்பத்தில் பல இனங்களின் ஆண்கள் பின்காலால் ஒன்றையொன்று இறுக்கிச் சண்டையிடுபவை. இளம்பருவத்தில் நல்ல தீனி கிடைத்தவனுக்கு அந்த ஆயுதம் உடலின் வீதத்தையும் மீறிப் பருக்கும். அரைவயிற்றோடு வளர்ந்தவனின் தொடை பெண்ணின் தொடையைப் போலவே தோன்றலாம். பெட்டியில் இரண்டே மாதிரிகள் இருந்து, ஒன்று பெரியவன், மற்றது சிறியவன் என்றால், இரண்டு இனம் என்று எழுதக் கை துறுதுறுக்கும். எழுதாதே. ஒரே செடியிலிருந்து, ஒரே நாளில், பொடியன் முதல் தடியன் வரை வரிசையாகப் பிடித்துக்கொண்டு வா. இடைப்பட்ட அளவுகள் எல்லாம் அந்த வரிசையில் வந்துவிட்டால், அளவு வேறுபாட்டை மட்டும் வைத்து அங்கே இரண்டு இனம் சொல்ல முடியாது.

இன்னொன்று. ஆபத்து வந்தால் இவை காலை உதிர்த்துவிட்டு ஓடும்; உதிர்ந்த கால் மறுபடி முளைப்பதில்லை. பழைய சேகரிப்புகளில் பின்கால் இல்லாத மாதிரிகள் நிறைய இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். எனவே உன் திறவுகோலில் கணைக்காலின் அகலத்தைக் கேட்கும் ஒவ்வொரு இடத்திலும், கால் இல்லாத பூச்சிக்கும் ஒரு வழி வை. லெப்டோகுளோசஸ் கிளைபியாலிஸுக்கு முகத்தின் முன்னால் நீட்டிய முள் இருக்கிறது. சோனேட்டஸுக்கு முன்மார்பின் மேல் இரண்டு வெளிர் புள்ளிகள். ஃபில்லோபஸுக்கு முன்சிறகின் குறுக்கே நேரான வெள்ளைப் பட்டை. இப்படி உன் பேரினத்திலும் தேடினால் கிடைக்கும்.

ஆண் பிறப்புறுப்பை எடுத்துப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வராதே. மாதிரியை ஈரப்பதத்தில் வைத்து மென்மையாக்கி, பிறப்புறுப்பு உறையைப் பிரித்து, 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் தெளியவைத்து, நன்றாகக் கழுவிக் கிளிசரினில் போட்டுப் பார். பார்த்து முடித்ததும் சிறு குப்பியில் இட்டு, அதே மாதிரியின் ஊசியிலேயே குத்திவை. வேறு பெட்டியில் வைத்தால் என்றைக்காவது இரண்டும் பிரிந்துபோகும்.

இந்தியப் பூச்சி என்றால் டிஸ்டன்ட் 1902-இல் எழுதிய ‘பிரிட்டிஷ் இந்தியாவின் விலங்குகள்’ வரிசைத் தொகுதியில் தொடங்குவாய். தொடங்கு, அதிலேயே நின்றுவிடாதே. அந்த விளக்கங்கள் நிறத்தையும் உருவத்தையும் நம்பியவை. ஒரு பெயரை இன்னொன்றில் அடக்குமுன் அந்தப் பெயருக்கு ஆதாரமான மூல மாதிரியைப் பார்த்தே ஆக வேண்டும். டிஸ்டன்டின் சேகரிப்பு லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது; இன்னொரு பழைய ஆய்வாளரான ஸ்டால் விவரித்தவற்றில் பல ஸ்டாக்ஹோமில். போக முடியாவிட்டால் படம் கேட்டு எழுது. எந்தக் கோணத்தில், எந்த உறுப்பு வேண்டும் என்று துல்லியமாகக் கேள். பொறுப்பாளர்கள் உதவக்கூடியவர்கள்தான், பொத்தாம்பொதுவான வேண்டுகோளுக்கு அவர்களால் எப்படிப் பதில் தர முடியும்?

பெயரை அடக்குவது ஏதோ ஏட்டுக் கணக்கு என்று யாராவது சொன்னால், காய் நாவாய்ப்பூச்சிகளின் கதையைச் சொல். ஆப்பிரிக்காவில் தட்டைப்பயற்றைப் பாழாக்கும் பூச்சியை வேளாண் ஆய்வாளர்கள் அகாந்தோமியா என்ற பேரினப் பெயரில் எழுதிவந்தார்கள். இங்கே துவரையைத் தாக்குவதைக் கிளாவிகிரல்லா என்றோம். டாலிங் 1978-இல் ஆசிய இனங்களையும் 1979-இல் ஆப்பிரிக்க இனங்களையும் திருத்தி எழுதினார். அதன்பின் இரண்டும் ஒரே பேரினத்தில் சேர்ந்தன. அங்கே ஒரு முட்டை ஒட்டுண்ணியைப் பற்றி எழுதியதை இங்கே துவரைக்காரர் தேடிப் படிப்பதற்குக் காரணம் கிடைத்தது. பூச்சிகள் மாறவில்லை, உறவு தெரிந்தது.

சேகரிப்புச் சீட்டில் ஊர், உயரம், நாள், பிடித்தவர் பெயரோடு, எந்தச் செடியில் உட்கார்ந்திருந்தது என்பதையும் எழுது. உட்கார்ந்திருந்ததா, உறிஞ்சிக்கொண்டிருந்ததா என்பதைப் பிரித்து எழுது. பழைய சீட்டுகளில் பெரும்பாலும் விடுபட்டிருப்பது இதுதான்.

திறவுகோலை முடித்ததும் அச்சுக்கு அனுப்பாதே. இந்தப் பூச்சிகளை முன்பின் பார்த்திராத வேளாண் மாணவர் ஒருவரிடம் பத்துப் பதினைந்து மாதிரிகளைக் கொடுத்து, நீ வாய் திறக்காமல் பக்கத்தில் உட்கார். எந்த வரியில் தயங்குகிறாரோ அந்த வரியை மாற்றி எழுது. இன்னொருவரும் அதே இடத்தில் தயங்கினால் அந்தப் பண்பையே எடுத்துவிட்டு வேறொன்றைத் தேடு.

அன்புடன்,
உன் அண்ணன்