பிள்ளையின் படிப்பு: பெற்றோர் பொறுப்பா, ஆசிரியர் பொறுப்பா?

"டீச்சர் ஒழுங்கா சொல்லிக் குடுக்கல" என்கிறார் அம்மா. "வீட்டில் கவனிப்பதில்லை" என்கிறார் டீச்சர். பரீட்சை முடிவு வந்ததும் நம் தோட்டங்களில் கேட்கிற பேச்சு இது. இரண்டிலும் உண்மை இருக்கலாம். யார் பெரியவர் என்று பார்க்காமல், யாருடைய வேலை எது என்று பார்ப்போம்.

ஆசிரியரின் வேலை

எழுத்து, வாசிப்பு, கணக்கு சொல்லிக் கொடுப்பது ஆசிரியர். "நமக்கே எழுதப் படிக்கத் தெரியாதே" என்று பெற்றோர் வெட்கப்பட வேண்டாம். அது நம் வேலை அல்ல. ஆனால் காலியான வாங்குக்கு எந்த ஆசிரியராலும் படிப்பிக்க முடியாது.

பெற்றோரின் வேலை

பிள்ளையை நாள் தவறாமல் அனுப்புவது நம் கையில்தான் இருக்கிறது. தம்பியைப் பார்க்க, விறகு பொறுக்க, சம்பள நாளில் டவுனுக்குப் போக என்று பிள்ளையை மறிக்கிறோம். "ஒரு நாள்தானே!" என்கிறோம். கணக்குப் பாருங்கள். வாரத்தில் 5 நாள் பள்ளிக்கூடம். வாரம் ஒரு நாள் மறித்தால், 5 வருஷத்தில் ஒரு முழு வருஷப் படிப்பு போச்சு! 5ஆம் ஆண்டுப் பரீட்சையில் பக்கத்துப் பிள்ளை 5 வருஷப் படிப்போடு உட்காரும். நம் பிள்ளை 4 வருஷப் படிப்போடு உட்காரும். கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டால், அக்கா பள்ளிக்கூடம் போகலாம்.

மாலையில் கால் மணி நேரம் பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். எழுத்து தெரியாவிட்டாலும், எங்கே தடுமாறுகிறது என்று காது சொல்லும். அதை டீச்சரிடம் சொல்லுங்கள்.

5 முதல் 16 வயது வரை பிள்ளை படிக்க வேண்டும் என்று 2016இல் விதி வந்தது. 14 வயதில் கொழும்புக் கடைக்கு அனுப்பச் சொல்லி யார் வந்தாலும், "படிக்கிற புள்ள" என்று சொல்லித் திருப்பி அனுப்புங்கள்.

இருவரும் சேர்ந்து

ஆசிரியர் அடிக்கடி வராவிட்டால், தனியாகச் சண்டைக்குப் போகாமல் நாலு பெற்றோர் சேர்ந்து அதிபரிடம் மரியாதையாகக் கேட்போம். அது நம் உரிமை. ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வேலை நாளில் கூட்டம் வைத்தால் ஒரு நாள் பேர் போகும் என்பதால்தான் பலர் வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை வையுங்கள், வருவோம்.

கூடிப் பேசுவோம்

1. போன மாதம் நம் பிள்ளை எத்தனை நாள் போகவில்லை? ஏன்?
2. பிள்ளையின் வகுப்பு ஆசிரியர் யார்? கடைசியாக எப்போது பேசினோம்?
3. நம் லயத்தில் படிப்பை விட்ட பிள்ளை உண்டா? திரும்பச் சேர்க்க என்ன செய்யலாம்?