மாணாக்கர் ஊக்கம் குன்றாதிருக்க

திருவனந்தபுரத்தில் நம் உபாசகர் இல்லங்களுக்கு நாம் செல்லுங்கால் பெற்றோர் நம்மிடம் கூறும் முறையீடு பெரும்பாலும் ஒன்றேயாகும். “பையன் அறிவுள்ளவன்தான் ஐயா, ஆனால் படிப்பில் மனம் நிற்கவில்லை. தாங்கள் ஒரு நல்வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்” என்பதே அது. நல்வார்த்தை கேட்ட அன்று பையன் புத்தகத்தை எடுக்கின்றான். மறுநாள் மாலை மீண்டும் தெருமுனையில் நிற்கின்றான். ஆதலின் இப்பாடத்தில் மாணாக்கர்க்கு உபதேசம் செய்வதை விடுத்து, அவர்தம் தாய் தந்தையர்க்கும் தெருவார்க்கும் சில செய்திகளை எடுத்துரைக்க எண்ணினோம்.

முதற்கண் ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். ஓராண்டிற்கு 8,760 மணி நேரம். பள்ளி நடைபெறும் நாட்கள் ஏறத்தாழ 200. நாளொன்றுக்கு 6 மணி என்று கொண்டால் பிள்ளை வகுப்பறையில் இருப்பது 1,200 மணி. உறக்கத்திற்கு நாளொன்றுக்கு 8 மணி வீதம் 2,920 மணியைக் கழித்தால் எஞ்சுவது 4,640 மணி. அஃதாவது, ஆசிரியர் கையில் பிள்ளை இருக்கும் காலத்தைப் போல் ஏறக்குறைய நான்கு மடங்கு காலம் அவன் நம் வீட்டிலும் நம் தெருவிலும் இருக்கின்றான். இவ்வளவு காலத்தையும் வைத்துக்கொண்டு, “பள்ளிக்கூடத்தில் என்னதான் சொல்லிக் கொடுக்கிறார்கள்?” என்று கேட்பது நியாயமாகுமா?

நாம் பல்லாண்டு பஞ்சாலையில் நூற்புப் பிரிவில் வேலை செய்தவர். அங்கே கற்ற பாடம் ஒன்று இவ்விடத்துப் பயன்படும். கதிர் சுழன்றுகொண்டிருக்கும்போது நூல் அறுந்தால், அருகில் நிற்பவர் அதைப் பிணைத்துவிடுவார். ஒருமுறை இருமுறை அறுந்தால் பிணைத்தால் போதும். ஒரே வரிசையில் அடிக்கடி அறுமாயின் தேர்ந்த தொழிலாளி நூலை நோகமாட்டார். காற்றில் ஈரம் குறைந்திருக்கின்றதா, பஞ்சுத் தூசி எங்கேனும் படிந்திருக்கின்றதா, முந்தைய பிரிவிலிருந்து வரும் திரி சீராக இல்லையா என்று பார்ப்பார். நூல் அறுவது அங்கே. அதன் காரணமோ வேறிடத்தில். பிள்ளையின் ஊக்கமும் அத்தகையதே. அது மாலை ஏழு மணிக்கு அறுமாயின், அந்த ஏழு மணிக்கு வீட்டில் என்ன நடக்கின்றது என்று பார்த்தல் வேண்டும்.

வகுப்பறைக்குப் புறத்தேதான் கல்வியின் போர் நடக்கின்றது என்பதை இவ்வூரில் ஒருவர் நூறாண்டுக்கு முன்பே அறிந்திருந்தார். அவர் விழிஞ்ஞத்தை அடுத்த வெங்கானூரில் 1863இல் தோன்றிய மகாத்மா அய்யன்காளி. எழுத்தறியாத அவர் தம் மக்களுக்கென 1904இல் அமைத்த பள்ளி தீக்கிரையாக்கப்பட்டது. 1907இல் சாதுஜன பரிபாலன சங்கத்தைத் தோற்றுவித்தார். பிள்ளைகளைப் பள்ளியிற் சேர்க்க அரசு ஆணை பிறப்பித்தும், ஊர் இடம் கொடுக்கவில்லை. 1910களில் பஞ்சமி என்னும் சிறுமியை அவர் ஊரூட்டம்பலம் பள்ளிக்கு அழைத்துச் சென்று அமர்த்தினார். எதிர்த்தவர்கள் பள்ளிக்கே தீயிட்டனர். அக்குழந்தை அமர்ந்த பலகை கருகிய நிலையில் இன்றும் அங்கே போற்றிக் காக்கப்படுகின்றது.

அய்யன்காளி செய்தது யாது? “எம் பிள்ளைகள் பள்ளிக்குள் செல்லாதவரை உங்கள் வயலில் எவரும் இறங்கார்” என்னும் நிலையை எடுத்து வேலைநிறுத்தம் நடத்தினார். கவனியுங்கள்: பிரச்சினை பள்ளியில், அதற்கு அவர் தேடிய வழி வயலில். பிள்ளை படிப்பதற்காகப் பெரியவர்கள் கூலியின்றிப் பட்டினி கிடந்தனர். ஸ்ரீமூலம் பிரஜா சபையில் உறுப்பினரானபின் கட்டணச் சலுகை கேட்டு அங்கே பேசினார். அச்சபை கூடிய விக்டோரியா ஜூபிலி மண்டபம் 2019 முதல் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. 1937இல் காந்தியார் வெங்கானூர் வந்தபோது, தம் சமூகத்தில் பத்து பி.ஏ. பட்டதாரிகளைக் கண்டபின் சாக வேண்டும் என்பதே தம் ஆசை என்று அவரிடம் அய்யன்காளி தெரிவித்தார். சேர்க்கையைக் கேட்டவர் பின்னர் பட்டத்தைக் கேட்டார். நுழைவது ஒரு நாள் வேலை; முடிப்பது பதினைந்தாண்டு வேலை என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

இன்று நுழைவுக்குத் தடையில்லை. கேரளத்தில் 2023, 2024, 2025 ஆகிய மூன்றாண்டுகளிலும் பத்தாம் வகுப்புத் தேர்வில் 99 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் தேறினர். இதனால் சில பெற்றோர், “எப்படியும் தேறிவிடுவான்” என்று கவலையற்றிருக்கின்றனர். ஆனால் ஒவ்வொரு பாடத்திலும் எழுத்துத் தேர்வில் 30 விழுக்காடு பெற்றாக வேண்டும் என்னும் விதியை அரசு 2024–25ஆம் கல்வியாண்டில் எட்டாம் வகுப்பில் தொடங்கி, படிப்படியாக மேல்வகுப்புகளுக்கும் கொண்டுசெல்ல முடிவு செய்தது. தேர்ச்சித்தாளை மட்டும் நம்பியிருந்த வீடுகள் விழித்துக்கொள்ள வேண்டிய காலம் இது.

நிற்க. ஓரறை வீட்டில் எப்படிப் படிப்பது என்று கேட்பார் உளர். அக்கேள்விக்கு விடை நம் பாபாசாகேப் அம்பேத்கரின் இளமையிலேயே உண்டு. பம்பாயில் ஆலைத் தொழிலாளர் நிறைந்த பரேல் பகுதியில் ஒற்றை அறையில் அக்குடும்பம் வாழ்ந்தது. சமையலும் அங்கே, உறக்கமும் அங்கே, தட்டுமுட்டுச் சாமான்களும் அங்கே. அத்தனை பேர் விழித்திருக்கும் அறையில் படிக்க இயலாது. ஆகவே தந்தை ராம்ஜி ஓர் ஏற்பாடு செய்தார். மகன் முன்னிரவிலேயே உறங்கிவிடுவான். தந்தை இரவு இரண்டு மணிவரை விழித்திருந்து, பின் அவனை எழுப்பிவிட்டுத் தாம் உறங்கச் செல்வார். ஊர் அடங்கிய அந்நேரத்தில் சிறு விளக்கொளியில் மகன் படிப்பான். புத்தகம் வாங்கப் பொருளில்லாதபோது, மணமாகிச் சென்ற மகளிரின் நகையைக் கேட்டுப் பெற்று அடகு வைத்தும் தந்தை வாங்கித் தந்தார். ராம்ஜி மகனுக்கு அறிவுரை கூறினாரா என்பதைவிட, தம் உறக்கத்தைக் கொடுத்தார் என்பதே நம் உள்ளத்தில் நிற்கின்றது.

பள்ளி விட்டதும் சிறுவன் பீமராவ் சர்னி ரோடு தோட்டத்தில் அமர்ந்து படிப்பதுண்டு. அங்கே அவனைக் கண்டு பேசியவர் கேளுஸ்கர் என்னும் ஆசிரியர். 1907இல் அவன் மெட்ரிகுலேசன் தேறியபோது, தாம் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்று நூலை அவர் பரிசாக அளித்தார். 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் நிகழ்ந்த தீட்சையை எண்ணும்போது, தோட்டத்து இருக்கையொன்றில் படித்த சிறுவனையும், வீட்டிற்குப் புறத்தே அவனைக் கவனித்த ஒரு பெரியவரையும் நாம் மறத்தலாகாது. நம் தெருவில் அத்தகைய பெரியவர் எத்தனை பேர்?

இனி, கேரளத்தில் கிடைக்கும் ஓர் உதவியைக் குறிப்பிட வேண்டும். பட்டியல் சாதி வளர்ச்சித் துறை ‘படனமுறி’ என்னும் பெயரில், அஃதாவது படிப்பறை என்று, ஒரு திட்டத்தை நடத்துகின்றது. சிறு வீடுகளில் வாழும் மாணாக்கர்க்கு வீட்டோடு சேர்த்து 120 சதுர அடியில் ஓர் அறை கட்ட 2 இலட்சம் ரூபாய் வழங்கப்படுகின்றது. முதலில் எட்டு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை இருந்த இத்திட்டம் பின்னர்க் கீழ்வகுப்புகளுக்கும் விரிந்தது. ஊக்கமின்மைக்கு மருந்து மேசையும் சுவரும் கதவும் என்று அரசே உணர்ந்தது மகிழத்தக்கது. “நாம் பௌத்தராகிவிட்டோமே, நமக்குக் கிடைக்குமா?” என்று சிலர் தயங்குகின்றனர். 1990ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பௌத்தம் தழுவியோர்க்கும் பட்டியல் சாதி உரிமை உண்டு, தயங்க வேண்டியதில்லை. ஆயின் தமிழ்நாட்டிலிருந்து அண்மையில் பிழைப்புக்கு வந்த குடும்பங்களின் நிலை வேறு. ஒரு மாநிலத்துப் பட்டியல் உரிமை குடிபெயர்ந்த மாநிலத்தில் தானே தொடராது என்பது உச்ச நீதிமன்றம் 1990இல் கூறிய தீர்ப்பு. அத்தகையோர் விண்ணப்பத்துக்கு அலைவதினும், அண்டை வீட்டார் நால்வர் சேர்ந்து ஒரு வீட்டுத் திண்ணையை மாலைதோறும் பிள்ளைகட்கு ஒழித்துக் கொடுப்பது விரைவில் ஆகும் காரியம்.

கைப்பேசியைப் பற்றிப் பேசாமல் இப்பொருள் முடியாது. 2020 ஜூன் முதல் கொரோனா காலத்தில் கேரளப் பள்ளிகள் விக்டேர்ஸ் தொலைக்காட்சி வழியாகவும் கைப்பேசி வழியாகவும் பாடம் நடத்தின. தொலைக்காட்சியோ கைப்பேசியோ இல்லாத மாணாக்கர் சுமார் 2.6 இலட்சம் பேர் என்று அப்போது கணக்கிடப்பட்டது. அதன்பின் கடன்பட்டேனும் வாங்கினர். பாடப்புத்தகமாக வீட்டுக்குள் வந்த பொருள் இப்போது சினிமாக் கொட்டகையாகவும் விளையாட்டுத் திடலாகவும் மாறிவிட்டது. வீட்டுப்பாடமும் அதிலேயே வருவதால் அறவே விலக்கவும் இயலாது. நாம் கூறுவது இதுவே: படிப்பு வேளையில் அப்பொருள் அடுக்களை அலமாரியில் இருக்கட்டும், பையனுடையது மட்டுமன்று, தந்தையாருடையதும். தந்தை திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே மகனைப் “படி, படி” என்பது, கள்ளுக்கடை வாயிலில் நின்று மதுவிலக்குப் பேசுவதற்கு ஒப்பாகும்.

கடிந்துரைத்தலைப் பற்றியும் ஒரு சொல். தம்மபத உரையில் வரும் சூளபந்தகர் வரலாறு நம் கூட்டங்களில் பலமுறை கேட்டதே. நான்கடிப் பாடல் ஒன்றை நான்கு மாதத்திலும் மனனம் செய்ய இயலாத அவரை, தமையன் மகாபந்தகர், “நீ தகுதியற்றவன், வெளியேறு” என்றார். பகவர் அவரை இடித்துரைக்கவும் இல்லை, அதே பாடலை மீண்டும் ஒப்பிக்கச் சொல்லவும் இல்லை. தூய வெண்துணி ஒன்றைக் கையில் கொடுத்து, கிழக்கு நோக்கி அமர்ந்து அதைத் தேய்க்கச் செய்தார். துணி அழுக்கேறுவதைக் கண்டு சூளபந்தகர் உணர்ந்தது, பாடல்கள் பல கற்றவர் உணராததாகும். மாணாக்கன் அவனே, மாறியது வேலையும் இடமும். தமையனின் சுடுசொல் எட்டாத தொலைவும் அவருக்குக் கிடைத்தது. கணக்கில் தோற்ற பிள்ளையை அன்றிரவே அதே கணக்கின்முன் அமர்த்தி, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணைக் கூறிக் குத்திக்காட்டும் பெற்றோர் இதனை எண்ணிப் பார்க்க.

விளையாட்டை நாம் வெறுப்பவரல்லர். உலகக் கால்பந்துப் போட்டி வருங்கால் பிரேசில் கொடியும் அர்ஜென்டினாக் கொடியும் கட்டாத தெரு கேரளத்தில் ஏது? நம் பிள்ளைகளும் கட்டட்டும். மாலை ஒரு மணி நேரம் ஓடியாடிய பிள்ளை அமர்ந்து படிப்பான். அடைத்து வைத்த பிள்ளை சன்னலையே பார்ப்பான். அஞ்சத்தக்கது ஆட்டம் முடிந்தபின் கடைவாயிலில் வெறுமனே நிற்கும் இருள்நேரமே. பீடியும் அதனினும் கொடிய பொருள்களும் கை மாறுவது அவ்வேளையில்தான். அந்நேரத்திற்கு ஓர் இடம் வேண்டும். பாளையத்தில் 1829இல் நிறுவப்பெற்ற மைய நூலகம் இந்நாட்டின் பழைமையான பொது நூலகங்களுள் ஒன்று. 1945இல் பி.என். பணிக்கர் தொடங்கிய நூலக இயக்கத்தால் கேரளத்தில் ஊர்தோறும் வாசகசாலை உண்டு. வாரத்திற்கு ஒருமுறையேனும் தந்தை மகனோடு அங்குச் சென்று, தாமும் ஒரு நாளிதழை விரித்து அமர்வாராக.

பத்தாம் வகுப்புத் தேர்வு பெரும்பாலும் மார்ச்சில் வருகின்றது. இந்நகரில் ஆற்றுக்கால் பொங்கல் விழாவும் அதனையொட்டிய கும்ப மாதத்திலேயே. ஒலிபெருக்கி பல நாள் முழங்கும். பிறர் விழாவைக் குறை கூறுதல் நம் பணியன்று. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிப்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை, சிறப்பு அனுமதி பெற்ற சில நாட்கள் நீங்கலாக, திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. பிள்ளையை ஒன்பதுக்கே உறங்கச் செய்து நான்கு மணிக்கு எழுப்பினால் இரண்டு மணி அமைதி கிட்டும். எழுப்புபவர் உடன் விழித்திருத்தல் வேண்டும்.

பெண்மக்களைப் பற்றி இறுதியாகக் கூறுகின்றோம். பையனின் படிப்பைக் கெடுப்பது தெரு. பெண்ணின் படிப்பைக் கெடுப்பது பெரும்பாலும் நம் வீடே. குழாயடியில் குடம், அடுப்படியில் பாத்திரம், தம்பியைத் தூக்கிக்கொள்ளும் வேலை; இவை முடிந்து அவள் புத்தகத்தைத் திறக்கும்போது மணி ஒன்பதரை. அவள் கொட்டாவி விட்டால், “இவளுக்குப் படிப்பு ஏறாது” என்கின்றோம். ஊரூட்டம்பலத்தில் கருகிக் கிடக்கும் பலகையில் அமர்ந்தவள் ஒரு பெண் குழந்தை. ஏழிலிருந்து ஒன்பது வரை பாத்திரம் கழுவும் முறை வீட்டிலுள்ள ஆடவர்க்கு என்று வரும் திங்கட்கிழமை முதல் வைத்துக்கொள்ள இசைவோர், அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று அதனை அறிவிக்கலாம்.