பனி வாரமும் சங்கத்துத் தராசும்

ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். மார்கழியும் தையும் முன்பனிக்காலம். வடகிழக்குப் பருவமழை சற்று ஓய்ந்து வானம் வெளுக்கும் வாரங்களில், பெருந்துறை வட்டாரத்தில் விடியற்காலையில் மஞ்சள் இலை முதல் வேலிப்படல் வரை நீர் சொட்டக் காண்கிறோம். அத்தகைய இரவுகளில் உதகமண்டலத்துப் புல்வெளி உறைபனியால் வெளுத்துவிடுவதும் உண்டு. இவ்விரண்டிற்கும் காரணம் ஒன்றே. அதனை அறிந்து நடந்தால் அங்கத்தினர்களுக்கு நஷ்டம் குறையும். சங்கத்தில் வீண் மனத்தாங்கலும் நேராது.

பனி உண்டாகும் விதம்

பகலில் பெற்ற வெப்பத்தைத் தரை இரவில் வெளியே விட்டுவிடுகிறது. மேகம் இருந்தால் கம்பளிபோல் அதைத் தடுக்கும். வானம் தெளிந்து காற்றும் அசையாதிருந்தால் தரையும் இலையும் வெகுவாகக் குளிரும். அவற்றைத் தொட்ட காற்றிலுள்ள ஈரம் பனித்துளியாகப் படியும். இலையின் வெப்பநிலை 0 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அதுவே உறைபனி.

வானிலை நிலையத்தின் வெப்பமானி தரைக்குச் சுமார் 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தரையோ அதனினும் குளிர்ந்திருக்கும். ஆகையால் உதகையில் 2 அல்லது 3 டிகிரி என்று அறிக்கை கூறும் நாளிலும் புல்லில் உறைபனி காணலாம். குளிர்ந்த காற்று கனமானதால் பள்ளத்தில் தேங்கும். மேட்டுத் தேயிலை தப்பிப் பள்ளத்துத் தேயிலை கருகுவது இதனாலேயே.

அறிக்கையைப் படிக்கும் முறை

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் இந்திய வானிலைத் துறையும் சேர்ந்து செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் வேளாண் வானிலை அறிக்கை வெளியிடுகின்றன. பலர் மழை அளவை மட்டும் பார்த்து விட்டுவிடுகிறார்கள். மேகமூட்டம், காற்றின் வேகம், காலை ஈரப்பதம் ஆகிய மூன்றையும் காண வேண்டும். மேகத்தை 0 முதல் 8 வரை எண்ணால் குறிப்பார்கள். 0 தெளிந்த வானம், 8 முழு மூட்டம். மேகம் குறைந்து, காற்று தணிந்து, காலை ஈரப்பதம் மிகுந்திருந்தால் அது பனி வாரம் என்று கொள்க.

நெசவாளர் கவனத்திற்கு

பனி விலகுமுன் பாவடியில் பாவு விரித்துக் கஞ்சி தோய்த்தால் அது சீராக உலராது. இழைகள் ஒட்டிக்கொள்ளும், பூசணமும் பிடிக்கும். வெயில் ஏறும்வரை பொறுத்தல் நலம்.

இதனினும் முக்கியமானது எடை. பருத்தி நூல் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். முற்றிலும் உலர்ந்த 100 கிலோ நூலுக்கு 8.5 கிலோ ஈரம் சேர்த்துக் கணக்கிடுவது வணிக வழக்கம். ஈரம் 10.5 ஆக ஏறினால், 108.5 கிலோ நூல் 110.5 கிலோவாக நிற்கும். கூடிய 2 கிலோ நூலன்று, தண்ணீர். நாம் தணிக்கை செய்த ஒரு சங்கத்தில், பனிக்காலையில் நிறுத்துக் கொடுத்த நூலுக்கு நல்ல வெயிற்பகலில் திரும்பிய துணியும் மீதி நூலும் எடை குறைந்தன. குறைவை நெசவாளர் பெயரில் பற்று எழுதியிருந்தார்கள். அவரோ ஓர் இழையும் எடுத்தவரல்லர். விசாரித்து அப்பற்றை நீக்கச் செய்தோம். ஆனால் அதற்குள் அவர் மூன்று மாதம் சங்கத்துப் படியேறவில்லை.

விவசாயிகள் கவனத்திற்கு

இலையில் நெடுநேரம் ஈரம் தங்கினால் மஞ்சளில் இலைப்புள்ளி நோய் பரவும். இப்போதே வயலைச் சுற்றிப் பார்த்து வருக. அறுவடைக்குப்பின் வேகவைத்த மஞ்சள் உலரப் 10 முதல் 15 நாள் ஆகும். அந்நாட்களில் மாலைதோறும் குவித்து மூடிவைக்க வேண்டும். பகல் வெயிலில் போன ஈரத்தை இரவுப்பனி திருப்பிக் கொடுத்துவிடும்.

சங்கங்கள் செய்யத்தக்கவை

நூல் கொடுப்பதும் துணி பெறுவதும் காலை 11 மணிக்கு மேல் என்று ஒரே நேரத்தில் வைக்கலாம். நூற்கட்டுகளைத் தரையிலிடாது மரப்பலகைமேல் அடுக்குக. எடைப் புத்தகத்தில் தேதியோடு நேரத்தையும், பனியா வெயிலா என்பதையும் எழுதுக. வாரத்தில் இரு நாள் வானிலை அறிக்கையைப் பலகையில் ஒட்டுக. செலவில்லாத இக்காரியங்களை அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்திலேயே தீர்மானமாக நிறைவேற்றக் கேட்டுக்கொள்கிறோம்.