கலைக்கல்லூரி வழியே பொறியியல்

எட்டயபுரம் என்றவுடன் உமறுப்புலவரும் பாரதியாரும் நினைவுக்கு வருவர். பாரதியாரின் தந்தை சின்னசாமி ஐயரை நினைப்பவர் குறைவு. கணிதத்திலும் இயந்திர நுட்பத்திலும் ஈடுபாடு மிக்க அவர், கரிசல் மண்ணின் பருத்தியை நம்பி இவ்வூரில் ஜின்னிங் ஆலை ஒன்றை நிறுவினார். ஆலை நொடித்தது, 1898-இல் அவரும் மறைந்தார். மகன் ஆங்கிலக் கல்வி கற்று இயந்திரக் கலையில் தேற வேண்டும் என்பது அவர் விருப்பம். மகனோ கவிஞரானார். தமிழாசிரியர்களாகிய நாம் அதற்காக வருந்தப்போவதில்லை!

ஆயினும் அத்தந்தையின் விருப்பம் இன்றும் கரிசற்காட்டு வீடுகளில் உயிரோடு இருக்கிறது. மானாவாரியாக உளுந்தும் மக்காச்சோளமும் விதைத்து ஐப்பசி மழையை எதிர்நோக்கும் குடும்பங்களில், பிள்ளை பொறியாளராக வேண்டும் என்ற ஆசை உண்டு. கோவில்பட்டியிலேயே 1984 முதல் நேஷனல் பொறியியற் கல்லூரி இயங்கி வருகிறது. எனினும் மதிப்பெண்ணோ கையிருப்போ இடந்தராமையால் இளம் அறிவியலில் சேர்ந்து, பொறியியல் தமக்கு முடிந்துபோன கதை என்று எண்ணுவோர் பலர். நம் பகுதி ஒன்று தமிழ் வகுப்பில் அமர்ந்திருப்போருள் அவர்களும் உளர்.

அவர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. கலைக்கல்லூரியைக் கடந்து பொறியியலுக்குச் செல்வது ஒரு காலத்தில் இராஜபாட்டையாக இருந்தது. முன்னர் இரண்டாண்டு இண்டர்மீடியட், பின்னர் ஓராண்டு புகுமுக வகுப்பு. இவற்றைக் கலைக்கல்லூரியில் முடித்தவரே பொறியியற் கல்லூரியின் படியேறினர். 1978-இல் தமிழகத்தில் மேல்நிலைக் கல்வி வந்தபின் அந்தப் படி பள்ளிக்கூடத்திற்குப் போய்விட்டது. அமெரிக்காவில் மூன்றாண்டு கலைக்கல்லூரியிலும் இரண்டாண்டு பொறியியற் பள்ளியிலும் பயின்று இரு பட்டங்கள் பெறும் முறை உள்ளது. கொலம்பியா பல்கலைக்கழகம் இதற்குச் சான்று.

இவ்வழி நடந்தோருள் நாடறிந்தவர் டாக்டர் அப்துல் கலாம். இராமேசுவரத்தில் 1931-இல் பிறந்து, இராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளியில் பயின்ற அவர், 1950-இல் திருச்சி தூய வளனார் கல்லூரியில் இண்டர்மீடியட் வகுப்பில் சேர்ந்தார். அங்கேயே இயற்பியலில் பட்டமும் பெற்றார். பட்டம் பெற்ற பின்னரே தம் கனவுக்கு உரியது பொறியியல் என உணர்ந்ததாகவும், இண்டர்மீடியட் முடித்தவுடனேயே அதில் சேர்ந்திருக்கலாம் என்றும் தம் தன்வரலாற்றில் எழுதுகிறார். வேறு படிப்பு உண்டென்று அப்போது அவருக்குத் தெரியாது. அறிவுக் குறைவன்று, சொல்லுவார் இல்லாத குறை. இன்றும் நம் மாணவர்க்கு உள்ள குறை இதுவே.

இளம் அறிவியல் பட்டதாரிகளைச் சேர்த்துக்கொண்டு மூன்றாண்டுப் பொறியியல் பயிற்றிய நிறுவனம் அன்று சென்னைக் குரோம்பேட்டையில் இருந்தது. சி. இராஜம் தம் இல்லத்தை விற்று 1949-இல் தோற்றுவித்த எம்.ஐ.டி. அதுவாகும். அங்குச் சேர ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் வேண்டியிருந்தது. சகோதரி ஜோஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார். அங்குப் பயிலும்போது தமிழ்ச் சங்கம் நடத்திய கட்டுரைப் போட்டியில், நம் விமானத்தை நாமே செய்வோம் என்னும் பொருளில் தமிழில் எழுதி முதற்பரிசு பெற்றார் கலாம். பரிசளித்தவர் ஆனந்த விகடன் ஆசிரியர் தேவன். தமிழ் வகுப்பில் உறங்கும் அறிவியல் மாணவர்கள் இதனைக் கவனிப்பாராக.

இன்று அவ்வழி ஒற்றையடிப் பாதையாகக் குறுகியிருப்பினும் அடைபடவில்லை. லேட்டரல் என்ட்ரி எனப்படும் முறையில், இளம் அறிவியல் பட்டதாரி பொறியியலின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். ஆனால் பட்டத்தை முடிக்க வேண்டும்; இடையில் தாவ இயலாது. மூன்றும் மூன்றும் ஆறாண்டுகள். மழை பொய்த்தால் கடன் வாங்கும் வீட்டுக்கு ஆறாண்டு என்பது சிறிய கணக்கன்று. தொடக்கத்திலேயே பொறியியல்தான் என்று உறுதி கொண்டவர், மேல்நிலைக்குப் பின் பாலிடெக்னிக்கின் இரண்டாம் ஆண்டில் சேர்ந்தால் ஐந்தாண்டில் முடிக்கலாம் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இயற்பியலிலும் கணிதத்திலும் உண்மையான சுவை கண்டவர்க்கே கலைக்கல்லூரி வழி பொருந்தும் என்பது என் கருத்து.

சேர்ந்தபின் இடர்ப்படுத்துவன பொறியியல் வரைபடமும் பொறியியல் இயக்கவியலும். முதலாண்டில் பிறர் கற்ற இவற்றை இரண்டாம் ஆண்டுச் சுமையோடு சேர்த்துத் தேற வேண்டும். கலாமும் எம்.ஐ.டி.யில் விமான வடிவமைப்பு வரைபடத்தை மூன்று நாளில் முடிக்காவிடில் உதவித்தொகை நிறுத்தப்படும் என்ற எச்சரிக்கையைக் கேட்டவரே. இரவு முழுதும் வரைபலகையை விட்டு அகலாமல் முடித்தார்.

மேல்நிலையில் கணிதம் பயிலாதவர்க்கு இவ்வழி இல்லை. ஆகவே பட்டமளிப்பு நாளில் அன்று, பதினோராம் வகுப்பில் பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே இச்செய்தி வீட்டாரை எட்ட வேண்டும். மே, ஜூன் மாதங்களில் ஜும்ஆத் தொழுகை முடிந்து கலையுமுன் ஜமாஅத் பெரியவர்கள் ஐந்து நிமிடம் இதனை எடுத்துரைத்தால் போதும்.